வீடு கட்டும் முன் மண்ணைத் தோண்டிப் பார்த்த ஊர்: யார்க் நகரின் ஹங்கேட் (விவாத இழை)

நகர்மண் (இழையைத் தொடங்கியவர்)

கீழடியில் குழி போட்டது தென்னந்தோப்பில். ஆதிச்சநல்லூரில் பறம்பில். அகழாய்வு என்றதும் நம் எல்லோருக்கும் ஊருக்கு வெளியே கிடக்கும் காலி நிலம்தான் நினைவுக்கு வருகிறது. ஊர் நடுவில், பழைய குடியிருப்பை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகும் மனையில் தோண்டுவதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அதற்காகத்தான் இந்த இழை.

இங்கிலாந்தின் யார்க் நகரில் ஃபாஸ் என்ற சிற்றாற்றின் கரையில் ஹங்கேட் என்று ஒரு பகுதி இருக்கிறது. நூற்றுக்கணக்கான வீடுகள் கட்டத் திட்டம் போட்டார்கள். கட்டுவதற்கு முன் 2006 கடைசியிலிருந்து 2011 வரை அங்கே அகழாய்வு நடந்தது. செய்தது யார்க் ஆர்க்கியாலஜிக்கல் டிரஸ்ட். செலவு வீடு கட்டும் நிறுவனங்களுடையது.

மேலே 1930களில் இடித்துத் தள்ளிய தொழிலாளர் குடியிருப்பு. அதன் கீழே இடைக்காலத்துக் குப்பைக் குழிகள். அதற்கும் கீழே பத்தாம் நூற்றாண்டு வைக்கிங் (கடல் கடந்து வந்து குடியேறிய ஸ்காண்டிநேவியர்) காலத்து நிலவறைக் கட்டடங்கள். பழைய படகைப் பிரித்து அந்தப் பலகைகளையும் அதில் பயன்படுத்தியிருக்கிறார்கள். இன்னும் ஆழத்தில் ரோமர் இடுகாடு. எரித்த சாம்பலைப் புதைத்ததும் உண்டு, உடலைப் புதைத்ததும் உண்டு, ஜெட் என்ற கறுப்புக் கல்வகையில் செய்த நகைகளும் உண்டு.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது மேலடுக்குதான். ஏழைகள் குடியிருந்த, சேரி என்று முத்திரை குத்தி நகராட்சி இடித்த தெருக்கள் அவை. அந்த அடுக்கை இயந்திரம் வைத்து வழித்து எறிந்துவிட்டு வைக்கிங்கிலிருந்து தொடங்கியிருக்கலாம், யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அப்படிச் செய்யவில்லை. வைக்கிங் வீட்டுக்குக் காட்டிய சிரத்தையை 1900ஆம் ஆண்டுத் தொழிலாளியின் கொல்லைப்புறத்துக்கும் காட்டினார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கட்டடக்காரன்

இருபது வருடமாகக் கட்டுமானத் தொழிலில் இருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். மனை வாங்கிய நாளிலிருந்து வட்டி ஓடும். ஐந்து வருடம் தோண்டுவதற்கு விட்டால் எந்தப் பில்டரும் தாங்க மாட்டார். தாங்கினாலும் கடைசியில் அது சதுர அடி விலையில் ஏறி, வீடு வாங்குகிறவர் தலையில்தான் விழும். கடன் வாங்கி ஒரு வீடு பார்க்கிற குடும்பம் எதற்காக ரோமர் இடுகாட்டுக்குப் பணம் கட்ட வேண்டும்? அரசாங்கத்துக்கு வேண்டுமென்றால் அரசாங்கம் செலவு செய்யட்டும்.

குழிக்காரர்

கட்டடக்காரன் ஐயா, நான் இங்கிலாந்தில் இந்த வேலையில்தான் இருக்கிறேன். ஹங்கேட்டில் இல்லை, வேறு ஊர்களில். உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் இரண்டு விஷயம்.

முதலாவது, மொத்த மனையையும் ஐந்து வருடம் பூட்டி வைக்கவில்லை. பெரிய திட்டங்களில் பிளாக் பிளாக்காகத்தான் வேலை போகும். ஒரு பிளாக்கில் தோண்டும்போது இன்னொன்றில் கட்டடம் எழும்பும். எங்கே எப்போது தோண்டுவது என்பதைத் திட்ட அட்டவணையிலேயே போட்டுவிடுவார்கள். பில்டருக்குப் பயம் தாமதமல்ல, எதிர்பாராத தாமதம். முன்னாலேயே தெரிந்துவிட்டால் அவர் கணக்குப் போட்டு மனையை விலை பேசுவார். அதனால் அந்தச் செலவில் ஒரு பங்கு நிலத்தை விற்கிறவருக்கும் போகிறது.

இரண்டாவது, அரசாங்கம் செலவு செய்யட்டும் என்ற வழி இங்கே ஏற்கெனவே நடந்து பார்த்துத் தோற்ற வழி. 1979இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி யார்க், கேன்டர்பரி, செஸ்டர், எக்ஸிட்டர், ஹியர்ஃபோர்ட் என்ற ஐந்து ஊர்களின் பழைய மையங்களில் மண்ணைக் கிளறுவதற்கு முன் தகவல் சொல்ல வேண்டும், தோண்டிப் பார்க்க அதிகபட்சம் நாலரை மாதம் அவகாசம் கேட்கலாம். அவகாசம் சட்டத்தில் இருந்தது, பணம் இல்லை. 1989இல் லண்டன் சதக் பகுதியில் அலுவலகக் கட்டடத்துக்குத் தோண்டியபோது ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் வெளிப்பட்டது. 1587இல் கட்டியது, ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நடந்த இடம். நடிகர்களும் பொதுமக்களும் மனைக்கு முன்னால் நின்று போராடினார்கள். யார்க்கிலும் அதே சமயத்தில் ஒரு பழைய ஹோட்டல் மனையில் ரோமர் காலத்துப் பெரிய கட்டடம் தட்டுப்பட்டு, போதிய நேரமில்லாமல் அவசர அவசரமாக வேலை நடந்தது. கட்டுகிறவருக்கும் நஷ்டம், தொல்லியலுக்கும் நஷ்டம்.

அதற்கு அடுத்த வருடம், 1990 நவம்பரில், பிபிஜி 16 என்ற வழிகாட்டு ஆணை வந்தது. சாரம் இதுதான்: மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று அனுமதி கொடுப்பதற்கு முன்பே பார். முடிந்தால் அப்படியே விட்டுவிடு. முடியாவிட்டால் தோண்டிப் பதிவு செய், செலவு மண்ணைக் கலைக்கிறவருடையது. தொழிற்சாலை அழுக்கை விட்டால் அதைச் சுத்தம் செய்ய வேண்டியது தொழிற்சாலைதான் என்பதற்கும் இதற்கும் நியாயம் ஒன்றே. 2012இல் அந்த ஆணைகளையெல்லாம் ஒன்றாகத் தொகுத்துப் புதிய கொள்கை வந்தபோதும் இந்த அடிப்படை மாறவில்லை.

சுடுமண்

நகர்மண் சொன்ன வைக்கிங், ரோமர் வரை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நூறு வருடத்துக்கு முந்தைய குடியிருப்பைத் தோண்டுவதற்குப் பெயர் தொல்லியலா? அந்தக் காலத்துக்கு வரைபடம் இருக்கிறது, மக்கள்தொகைக் கணக்கு இருக்கிறது, புகைப்படம் இருக்கிறது, வரி ரசீது இருக்கிறது. எல்லாம் எழுத்தில் இருக்கும்போது மண்ணுக்குள் என்ன தேடுவது? இங்கே கீழடியில் கிமு ஆறாம் நூற்றாண்டுக்குப் போவதற்கே பணமும் நேரமும் போதவில்லை. முன்னுரிமை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

நகர்மண்

சுடுமண், எழுத்தில் இருக்கிறது என்கிறீர்கள். யார் எழுதியது என்று பார்ப்போம்.

ஹங்கேட்டைப் பற்றி உலகத்துக்குச் சொன்னவர் சீபோம் ரவுன்ட்ரீ. யார்க்கின் பெரிய சாக்லேட் குடும்பத்துப் பிள்ளை. 1899இல் ஆட்களை வைத்து வீடு வீடாகக் கணக்கெடுத்தார். 11,560 குடும்பங்கள், 46,754 பேர். 1901இல் புத்தகமாக வந்தது. நகர மக்களில் 27.84 சதவீதம் பேர் வறுமையில் இருக்கிறார்கள் என்று அதில் காட்டினார். அதில் ஒரு பிரிவு, மொத்த மக்கள்தொகையில் 9.91 சதவீதம், ஒரு காசு கூட வீணாக்காமல் செலவு செய்தாலும் உடம்பைத் தேற்றிக்கொள்ளவே வருமானம் போதாதவர்கள். வறுமைக்குக் காரணம் ஏழையின் சோம்பலும் குடியும்தான் என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், கூலியே குறைவு என்று எண்ணைப் போட்டுக் காட்டியவர். அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் அதே புத்தகத்தில் ஹங்கேட் பற்றிய பகுதியைப் படித்தால், கையில் காசு வந்ததும் கண்டபடி செலவழிப்பார்கள், சனிக்கிழமை இரவு ரகளை, திங்கள் காலை அடகுக்கடை என்று வருகிறது. கணக்கெடுத்தவர்களின் குறிப்புகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி: வீடு அழுக்கு, கணவன் குடிகாரன், பிள்ளைகள் கந்தல். வாசலில் நின்று ஒருவர் பார்த்ததுதான் பதிவு. பிறகு 1908இல் நகர சுகாதார அதிகாரியின் அறிக்கை. அதன் பிறகு 1930ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம், இடிப்பதற்கு மானியம். ஜனங்களை ஊர் ஓரத்துப் புதுக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள். தெரு போய்விட்டது, எழுத்து மட்டும் மிஞ்சியது. எழுதினதெல்லாம் வெளியிலிருந்து வந்தவர்கள். அங்கே குடியிருந்தவர்கள் அறிக்கை எழுதவில்லை.

தோண்டியபோது வந்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். வரிசையாகக் கட்டிய பொதுக் கழிப்பறைகள். அதற்கு முன்னால் இருந்தவை மலமும் சாம்பலும் குழியில் சேர்ந்து, ஆள் வந்து அள்ளிக்கொண்டு போகிற வகை. இது புது வகை. சங்கிலியை இழுத்துத் தண்ணீர் விடுவதில்லை. தரைக்குக் கீழே, ஒரு அச்சில் நிற்கிற மாதிரி ஒரு பீங்கான் தொட்டி. மேலே இருந்து கழுவுநீர் அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். குறிப்பிட்ட அளவு வந்ததும் முன்பக்கம் கனத்துத் தொட்டி தானாகவே கவிழும், தண்ணீர் மொத்தமாகப் பாய்ந்து குழாயை அடித்துச் செல்லும், காலியான தொட்டி மறுபடி நிமிர்ந்துகொள்ளும். வீட்டில் தண்ணீர் புழங்குகிற அளவுக்குத்தான் இது வேலை செய்யும். எப்போது கவிழும் என்று உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, "சேரி" என்று சொன்ன இடத்தில் யாரோ பணம் போட்டுச் சுகாதாரத்தை மாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். அறிக்கையில் நின்றுபோன இடம் நிஜத்தில் நிற்கவில்லை. இன்னொன்று, எத்தனை வீட்டுக்கு எத்தனை கழிப்பறை, வாசலிலிருந்து எத்தனை அடி நடக்க வேண்டும், இரவில் ஒரு பெண் எந்த வழியாகப் போயிருப்பாள் என்பதெல்லாம் செங்கலை அளந்தால்தான் தெரியும். வரைபடத்தில் ஒரு சின்னச் சதுரம் மட்டும்தான் இருக்கும்.

முன்னுரிமை பற்றிச் சொன்னீர்கள். கீழடி மண் நாளைக்கும் அங்கேயே இருக்கும். இடித்துக் கட்டுகிற மனையில் பேஸ்மென்ட் தோண்டிய அன்றோடு சரி, மேலே இருந்ததும் கீழே இருந்ததும் லாரியில் போய்விடும்.

குழிக்காரர்

நகர்மண் அக்கா சொன்னதோடு ஒரு உதாரணம் சேர்க்கிறேன். நியூயார்க்கில் ஃபைவ் பாயின்ட்ஸ் என்று ஒரு பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பத்திரிகைகளைப் படித்தால் குடியும் கொலையும் தவிர அங்கே வேறெதுவும் நடக்கவில்லை என்றுதான் நினைப்பீர்கள். 1991இல் நீதிமன்றக் கட்டடம் கட்டுவதற்கு முன் ஒரு பகுதியைத் தோண்டினார்கள். பழைய கழிவுக் குழிகளிலிருந்தும் நிலவறைகளிலிருந்தும் சுமார் 8,50,000 பொருள்கள். ஜோடி சேர்த்து வாங்கிய தேநீர்ப் பாத்திரங்கள், தையல் வேலையின் மிச்சங்கள், குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்கள், தின்ற இறைச்சியின் எலும்புகள். ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தாலும் மேசைக்கு ஒரே மாதிரி கோப்பை வேண்டும் என்று பணம் சேர்த்து வாங்கிய குடும்பங்கள் அங்கே இருந்தன.

இதன் அடுத்த பகுதி துயரமானது. அந்தப் பொருள்களை உலக வர்த்தக மையத்தின் ஆறாம் எண் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வைத்திருந்தார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று எல்லாம் போயிற்று. வேறோர் இடத்துக்கு இரவல் கொடுத்திருந்த 18 பொருள்கள் மட்டும் பிழைத்தன. ஆனாலும் ஃபைவ் பாயின்ட்ஸ் பற்றி நமக்குத் தெரிகிறது. காரணம், ஒவ்வொன்றும் எந்தக் குழியில் எந்த அடுக்கில் எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்று தோண்டும்போதே எழுதி வைத்துவிட்டார்கள்.

நாங்கள் வேலை செய்கிற முறையே அதுதான். ஒரு சுவருக்காக வெட்டிய பள்ளத்துக்கு ஒரு எண், அதற்குள் வைத்த செங்கலுக்கு ஒரு எண், மீதி இடத்தை நிரப்பிய மண்ணுக்கு இன்னொரு எண். எது எதை வெட்டிக்கொண்டு போகிறது, எது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு தாளில் கட்டம் கட்டமாக வரைவோம். எட்வர்ட் ஹாரிஸ் 1973இல் வகுத்த முறை. ஊர் நடுவில் அது இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையின் தரையைக் குத்திக் குழி பறித்திருக்கும், எல்லாம் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். வாளி வாளியாக மண்ணை எடுத்துப்போய்த் தண்ணீரில் அலசிச் சல்லடையில் பிடிப்போம். பழக்கொட்டை, மீன் முள், ஈயின் கூட்டுப்புழு ஓடு, குடல் புழுவின் முட்டை என்று வரும். கழிவுக் குழி மண்ணில் ஒரு தெருவின் சாப்பாடும் வியாதியும் சேர்ந்தே கிடக்கும்.

பல்லாவரத்துக்காரர்

எல்லாம் சரி. எங்கள் ஊர் நிலைமையையும் கேளுங்கள். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கோடரியைக் கண்டெடுத்த ஊர் பல்லாவரம். பெருங்கற்கால ஈமச்சின்னங்களும் இருக்கின்றன. 2010இல் மத்தியச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டவே கூடாது. அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். அப்பா காலத்தில் வாங்கிய மனையில் மாடி எடுக்க முடியாமல் நிற்கிறார்கள். இங்கே தொல்லியல் என்று சொன்னாலே ஜனங்களுக்கு எரிச்சல் வருகிறது. அந்த 300 மீட்டருக்கு வெளியே ஒருவர் மூன்று தள ஆழத்துக்குத் தோண்டி அடுக்குமாடி கட்டினால், கீழே என்ன இருந்தது என்று ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

நகர்மண்

நீங்கள் சொன்னதுதான் இந்தப் பேச்சின் நடு நரம்பு. நம் சட்டம் வட்டம் போடுகிறது. வட்டத்துக்குள் எதுவும் செய்யாதே, வெளியே எது வேண்டுமானாலும் செய். பிரிட்டனில் பெரும்பாலான இடங்களில் கேள்வி வேறு: கட்டு, ஆனால் கட்டுவதற்கு முன் பார்த்துவிடு, அங்கே எது கிடைக்கிறதோ அதற்கேற்ப நடந்துகொள். முதல் முறையில் குடியிருக்கிறவருக்கும் கோபம், சின்னத்துக்கும் உண்மையில் லாபமில்லை. தோண்டிப் பார்க்காத மண்ணில் என்ன இருக்கிறது என்று வட்டம் போட்டவருக்கும் தெரியாது.

தற்செயலாக ஏதாவது அகப்பட்டால் நம்மிடம் உள்ளது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அது தங்கக் காசுக்கும் ஐம்பொன் சிலைக்கும் எழுதிய சட்டம். ஒரு உறைகிணற்றையோ, பானை ஓட்டுக் குவியலையோ, எரிந்த தரையையோ கலெக்டர் அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஜேசிபி ஓட்டுகிறவர் அதைக் கண்டால் நிறுத்த வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியும் தரவில்லை. நிறுத்தினால் அவருடைய அன்றைய கூலி போய்விடும்.

பனங்காடு

இலங்கையில் இதற்குச் சட்டம் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டு வர்த்தமானியில் வந்தது. கால் ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியில் அபிவிருத்தி வேலை தொடங்க முன்னர் தொல்லியல் பாதிப்பு மதிப்பீடு செய்ய வேண்டும், செலவு திட்டத்தைச் செய்பவருடையது. எழுத்தில் பார்த்தால் பிரிட்டன் முறைக்குக் கிட்டத்தான் நிற்கிறது.

ஆனால் வடக்கு கிழக்கில் தொல்லியல் திணைக்களத்தின் பெயர்ப்பலகை ஒரு காணியில் விழுந்தால், அந்தக் காணி இனித் தங்களுக்கில்லையோ என்றுதான் சனம் முதலில் பயப்படும். 2020இல் கிழக்கு மாகாணத் தொல்லியலுக்கென்று ஜனாதிபதி செயலணி அமைத்தபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. அந்த மாகாணத்தில் வாழ்பவர்களில் பெரும்பான்மை இந்த இரண்டு சமூகமும்தான். யார் தோண்டுவது, யார் கையொப்பம் வைப்பது, அங்கே வாழ்கிற சனத்திடம் கேட்பார்களா என்று தெரியாமல், முறை நல்ல முறை என்று மட்டும் கதைக்க எனக்கு மனம் வரவில்லை. ஹங்கேட்டில் அந்தச் சனத்திடம் கேட்டார்களா?

நகர்மண்

கேட்டார்கள். எனக்கு அந்த வேலையில் ஆகப் பிடித்தது அதுதான். 1930களில் இடித்தபோது குழந்தைகளாக இருந்தவர்கள் சிலர் 2006க்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். தேடிப் பிடித்து, குழிக்கு அழைத்து வந்து காட்டி, அவர்கள் சொன்ன நினைவுகளைப் பதிவு செய்தார்கள். மண்ணிலிருந்து வெளிவந்த தரையில் தான் சின்ன வயதில் நடந்தேன் என்று சொல்லக்கூடிய ஆளோடு பேசும் வாய்ப்பு வேறெந்தக் காலத்துத் தொல்லியலுக்கும் கிடையாது. கோடை மாதங்களில் பொதுமக்களும் கட்டணம் கட்டிப் பயிற்சியாகச் சேர்ந்து தோண்டினார்கள்.

மற்றபடி உங்கள் அச்சத்துக்கு ஹங்கேட்டில் பதில் இல்லை, பனங்காடு. அங்கே மண்ணைக் காட்டி யாருடைய காணியையும் யாரும் கேட்கவில்லை. தோண்டுகிற அமைப்பு வேறு, அனுமதி கொடுக்கிற நகராட்சி வேறு, நிலம் இன்னொருவருடையது. இந்த மூன்றும் ஒரே கையில் இருந்தால் எந்த நல்ல முறையும் ஆயுதமாகிவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கட்டடக்காரன்

ஒரு டெக்னிக்கல் கேள்வி. "முடிந்தால் அப்படியே விட்டுவிடு" என்றார் குழிக்காரர். விட்டுவிட்டு எப்படிக் கட்டுவது? ஏழு எட்டு மாடிக்குப் பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாகப் போகிற தூண், இறக்காமல் முடியாது. பைல் இறங்கினால் கீழே இருப்பது உடையத்தானே செய்யும்.

குழிக்காரர்

நல்ல கேள்வி ஐயா. யார்க்கில் இதற்கு ஒரு கணக்கு வைத்தார்கள். 1991இல் ஓவ் அரூப் என்ற பொறியியல் நிறுவனமும் யார்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து நகரத்துக்காக ஓர் ஆய்வு செய்தன. அதன் அடிப்படையில், கட்டடத்தின் அடித்தளம் மனையின் தொல்லியல் படிவுகளில் 5 சதவீதத்துக்கு மேல் அழிக்கக் கூடாது என்ற கொள்கை வந்தது. அதாவது பைல்களைக் குறைவாக, தள்ளித் தள்ளிப் போட்டு, மேலே கனமான பீம் கொடுத்துச் சுமையைக் கடத்த வேண்டும். இன்ஜினியருக்கு வேலை அதிகம், ஆனால் முடியும். சிட்னியில் தி ராக்ஸ் பகுதியில் 1994இல் ஒரு பெரிய அகழாய்வு நடந்தது. பழைய குடியிருப்பின் சுவர்களும் சந்துகளும் அப்படியே இருக்க, பின்னாளில் தூண்களின் மேல் ஒரு விடுதியைத் தூக்கிக் கட்டினார்கள். கீழே நடந்து போய்ப் பார்க்கலாம்.

ஆனால் இந்த 5 சதவீதக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். யார்க்கின் மண் ஆற்றோர ஈர மண். காற்றுப் புகாததால்தான் மரமும் தோலும் துணியும் ஆயிரம் வருடம் அழுகாமல் இருக்கின்றன. 1976 முதல் 1981 வரை யார்க்கின் காப்பர்கேட் தெருவில் தோண்டியபோது முடைந்த வேலிகளும் மரக் கிண்ணங்களும் தோல் செருப்புகளும் அப்படித்தான் வந்தன. அங்கேதான் இப்போது யோர்விக் வைக்கிங் மையம் என்ற காட்சியகம் இருக்கிறது, 1984இல் திறந்தது. அந்த ஈரம் குறைந்தால், பைல் தொடாத 95 சதவீதமும் யாரும் பார்க்காமலே மெல்ல மக்கிப்போகும். தோண்டாமல் விட்டதால் காப்பாற்றிவிட்டோம் என்று சொல்வதற்கு, நிலத்தடி நீரை வருடக்கணக்கில் அளந்துகொண்டிருக்க வேண்டும். ஆகவே எல்லா இடத்திலும் விட்டுவிடுவதுதான் உத்தமம் என்று நான் சொல்ல மாட்டேன். ஹங்கேட்டில் பெரிய பரப்பை முழுமையாகத் தோண்டியதால்தான் ஒரு தெருவே தெரிந்தது. நாலு சோதனைக் குழி போட்டிருந்தால் நாலு துண்டுச் சுவர்தான் கிடைத்திருக்கும்.

சுடுமண்

முன்னுரிமை பற்றிய என் கருத்தில் எனக்கு இன்னும் மாற்றமில்லை. ஆனால் மேலடுக்கை வழித்துவிட்டுக் கீழே போவது சரியல்ல என்பதை ஏற்கிறேன். நம்மூர் அகழாய்வுகளிலும் மேலே உள்ள சமீப நூற்றாண்டுகளைக் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடுகிறோமோ என்று தோன்றுகிறது.

வடசென்னை

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் பாட்டி குடிசை போட்ட இடத்திலேயே 70களில் மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். "ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்" என்று சுவரில் எழுதியிருக்கும். இப்போது அந்தக் கட்டடத்தையும் இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். நல்லதுதான், கூரை பெயர்ந்து விழுகிறது, புது வீடு வேண்டும். ஆனால் ஹங்கேட் பற்றிப் படித்ததும் வயிற்றைப் பிசைகிறது. எங்கள் இடத்தைப் பற்றி வெளியே எழுதியிருப்பதெல்லாம் ரவுடி, கஞ்சா, சாக்கடை. அந்த கேரம் போர்டு கிளப்பிலிருந்தும் குத்துச்சண்டைக் கூடத்திலிருந்தும் எத்தனை பேர் வந்தார்கள் என்று யாரும் எழுதவில்லை. எங்களுக்கு அகழாய்வு செய்ய யாரும் வரப்போவதில்லை. இடிக்க இன்னும் சில மாதம் இருக்கிறது. நான் என்ன செய்யலாம்?

நகர்மண்

தம்பி, நிறைய செய்யலாம். தோண்ட வேண்டியதே இல்லை, இப்போது எல்லாம் தரைக்கு மேலே இருக்கிறது.

முதலில் ஒரு வரைபடம். பிளாக், மாடி, கதவு எண். ஒவ்வொரு கதவுக்கும் எந்த வருடத்திலிருந்து எந்தக் குடும்பம், அதற்கு முன் யார், என்ன தொழில். அடிபம்பு எங்கே இருந்தது, தண்ணீர் லாரி எங்கே நிற்கும், குடம் வரிசை எந்தப் பக்கம் வளையும், கோயில், டீக்கடை, கேரம் போர்டு, எல்லாவற்றையும் குறியுங்கள். டேப் வைத்து அறையை அளந்து எழுதுங்கள். நீளம், அகலம், கதவு எந்தப் பக்கம், மின்சாரப் பெட்டி எங்கே. குடியிருப்பவர்கள் தாங்களாகச் செய்த மாற்றங்கள்தான் எல்லாவற்றையும் விட முக்கியம். பால்கனியை அடைத்துச் சமையலறை ஆக்கியது, மாடிப்படியின் கீழே தையல் மிஷின் போட்டது, சுவரில் அலமாரிக்குக் குடைந்தது. அரசாங்க பிளானில் இவை இருக்காது. புகைப்படம் எடுக்கும்போது ஒரு ஸ்கேலையோ நோட்டுப் புத்தகத்தையோ பக்கத்தில் வைத்து எடுங்கள், அளவு தெரியும். எந்தக் கதவு எண், எந்தத் தேதி என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம், பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசிக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். குடிசை இருந்தபோது தரை எந்த மட்டத்தில் இருந்தது, கட்டும்போது எத்தனை அடி மண் கொட்டி உயர்த்தினார்கள் என்று கேளுங்கள். அவர்கள் அனுமதித்தால் மட்டும் பெயரோடு வையுங்கள், இல்லாவிட்டால் கதவு எண்ணோடு போதும்.

குழிக்காரர்

இன்னொன்று. புதுக் கட்டடத்துக்கு அடித்தளம் வெட்டும் வாரத்தில் வேலியோரம் நின்று வெட்டின ஓரத்தைப் படம் எடுங்கள், சைட் இன்ஜினியரிடம் கேட்டுவிட்டு. உள்ளே இறங்க வேண்டாம், ஆபத்து. மண்ணின் நிறம் மாறுகிற கோடுகள் தெரியும்: மேலே கான்கிரீட் உடைசல், அதன் கீழே கொட்டின மண், அதன் கீழே கறுப்பாகச் சாம்பல் கலந்த ஓர் அடுக்கு இருந்தால் அது குடிசைக் காலத்துத் தரையாக இருக்கக்கூடும். பானை ஓடு தெரிந்தால் எடுக்காதீர்கள், எந்த உயரத்தில் இருக்கிறது என்று படத்தில் வருகிற மாதிரி பாருங்கள். படங்களை இங்கே போடுங்கள், சேர்ந்து படிக்கலாம்.

கட்டடக்காரன்

தம்பி, இன்ஜினியரிடம் கேட்கும்போது சாயில் டெஸ்ட் ரிப்போர்ட்டையும் கேட்டுப் பாருங்கள். பைல் போடுவதற்கு முன் போர் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு போரிலும் எத்தனை மீட்டர் வரை கொட்டின மண், எங்கிருந்து களிமண், எங்கிருந்து மணல், தண்ணீர் எந்த மட்டத்தில் என்று வரிசையாக இருக்கும். எங்களுக்கு அது பைல் நீளம் கணக்குப் போட. உங்களுக்கு வேறு கணக்குக்கு ஆகும். கொடுப்பார்களா தெரியாது, கேட்பதில் தவறில்லை.

வடசென்னை

நன்றி. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். கீழ்த்தளத்திலிருந்து தொடங்குகிறேன். அடிபம்புப் பக்கத்து வீட்டு ஆயாவுக்குத்தான் பழைய ஆட்கள் எல்லோரையும் தெரியும்.